புரட்டாசிக்கு வெளியே ஒரு கேள்வி

புரட்டாசி பிறந்ததும் பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கிவிடும். ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆவணியின் கடைசி ஞாயிற்றில் நிற்க இடமில்லாமல் இருந்த கறிக்கடையில், அடுத்த ஞாயிறு கடைக்காரர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். பிரியாணிக் கடைகளில் அண்டா சிறிதாகும். மாதம் முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கும். தீபாவளிக் காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு.

2014-ல் எடுக்கப்பட்ட மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். இவர்களில் ஒரு பெருங்கூட்டம் வருடத்துக்கு ஒரு மாதம் கறியைத் தொடுவதில்லை. அதோடு அமாவாசை, கிருத்திகை, செவ்வாய், வெள்ளி, ஊர்க் கோயிலில் காப்புக் கட்டிய நாட்கள், கார்த்திகையில் மாலை போட்டால் அந்த ஒரு மண்டலம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். கறி இல்லாமல் இருக்க முடியாது, சோறு இறங்காது, உடம்பு தாங்காது என்று சொல்கிறவர்களே இத்தனை நாளும் இருந்து காட்டுகிறார்கள். யாருக்கும் கை கால் நடுங்கியதாகத் தெரியவில்லை.

ஆனால், இந்த நாட்களில் ஒன்றில்கூட நாம் கோழியை நினைப்பதில்லை. பெருமாளை நினைக்கிறோம், ஐயப்பனை நினைக்கிறோம், செத்துப்போன முன்னோரை நினைக்கிறோம். கவுச்சி பட்ட சட்டியைத் தனியே கவிழ்த்து வைக்கிறோம். வீட்டைக் கழுவி விடுகிறோம். நாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் விரதத்தின் நோக்கம். வெட்டுப்படும் உயிருக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

பந்தியில் உட்கார்ந்து கறி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் இதைப் புரிந்துகொள்ளலாம். விரதமா என்பார்கள். மாலை போட்டிருக்கிறீர்களா என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் டாக்டர் சொன்னாரா, கொலஸ்ட்ராலா என்று கரிசனத்தோடு கேட்பார்கள். மூன்றில் எதற்குத் தலையாட்டினாலும் மரியாதை உண்டு. பருப்பும் அப்பளமும் தேடி வரும். "அப்படியெல்லாம் இல்லை, ஒரு கோழியை அப்படி வளர்த்துக் கொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். இலைக்கு இலை சிரிப்பு போகும். கொஞ்ச நாளாக நான் அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் அது இந்த மண்ணுக்குப் புதிய பதில் இல்லை. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். வாங்கித் தின்ன ஆள் இல்லையென்றால் விற்க ஆள் இருக்காது என்பது அவர் வாதங்களில் ஒன்று. நான் வெட்டவில்லையே, காசு கொடுத்து வாங்குகிறேன், அவ்வளவுதானே என்று கறிக்கடை வரிசையில் நிற்பவர் சொல்லக்கூடிய சமாதானத்தை அவர் அன்றைக்கே அடைத்துவிட்டார். அதில் தீட்டு இல்லை, சாதி இல்லை; வாங்குபவரின் பொறுப்பு மட்டும்தான் இருக்கிறது. இரண்டு அதிகாரங்களும் துறவறவியலில் இருப்பதால், இது சாமியார்களுக்குச் சொன்னது, குடும்பஸ்தர்களுக்கு இல்லை என்று நழுவுகிற வழக்கம் உண்டு. நானும் பல காலம் அந்தச் சந்தில் நின்றவன்தான். ஆனால், துறவியர் கூட்டம் மட்டும் வாங்காமல் இருந்து எந்த ஊரில் கறிக்கடை மூடப்பட்டது? அந்த வாதம் சந்தையில் நிற்கும் எல்லோரையும் பார்த்துத்தான் பேசுகிறது.

மறுபக்கமும் நம்முடையதுதான். கறியும் சோறும் தின்று பழகியதால் மென்மையாகிப்போன தன் கையைப் பற்றிப் புறநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறார். இரவும் பகலும் கறி தின்று தின்று, உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கியதாகப் பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன் பெருமையோடு சொல்கிறான். ஆக, தமிழர் மரபு எது என்று கேட்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. இரண்டு கட்சிக்கும் மூத்த சாட்சிகள் இருக்கிறார்கள்.

எனக்குள் நடக்கும் இழுபறியில் பெரிய முட்டுக்கட்டை நாக்கு இல்லை. நாக்கைப் புரட்டாசி பழக்கிவிடும். முட்டுக்கட்டை சாதிதான்.

சென்னையில் வீடு தேடியவர்களுக்கு 'சைவம் மட்டும்' என்ற பலகையின் அர்த்தம் தெரியும். அந்தப் பலகையை மாட்டியவருக்கு ஆட்டின் மீது அன்பு என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஓர் உணவகத்தில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசலும் தனிக் கைகழுவும் தொட்டியும் ஒதுக்கி ஒட்டப்பட்ட அறிவிப்பு, எதிர்ப்பு கிளம்பிய பிறகே அகற்றப்பட்டது. கைகழுவும் தொட்டியைப் பிரித்ததால் எந்தக் கோழி பிழைத்தது? தீண்டாமை எங்கிருந்து வந்தது என்று தேடிய அம்பேத்கர், 1948-ல் வெளியிட்ட நூலில் மாட்டிறைச்சியை அதன் வேர்களில் ஒன்றாகக் காட்டினார். என்ன தின்கிறாய் என்பதை வைத்து நீ யார் என்று தீர்மானித்த நாடு இது. மாட்டின் பெயரால் மனிதர்களை அடித்துக் கொன்ற சம்பவங்களையும் இதே காலத்தில் பார்த்துவிட்டோம்.

2003-ல் தமிழ்நாட்டு அரசு, 1950-ல் இயற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தது. அடி விழுந்தது முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும். கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்து ஊரோடு உண்ணும் எளிய மக்களுக்கு. நட்சத்திர விடுதிச் சமையலறையில் எப்போதும்போலக் கறி வெந்துகொண்டுதான் இருந்தது. மறு ஆண்டே அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது, நியாயமாகவே. ஆட்டின் வலிதான் உண்மையான அக்கறை என்றால் கறிக்கடையும் அதில் வந்திருக்க வேண்டும். கோயில் வாசலில் மட்டும் கண்ணில் படுகிற இரக்கத்தை நம்ப முடியாது.

இந்தப் பின்னணியில் ஒருவர், அதுவும் இடைநிலைச் சாதியிலிருந்து படித்து நகரத்துக்கு வந்த ஒருவர், கறியை விட்டுவிட்டேன் என்றால் கேட்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? மேலே ஏறப் பார்க்கிறான் என்றுதான். இரண்டு தலைமுறைக்கு முன் கறியை விட்டுவிட்டுப் பெயரையும் பேச்சையும் மாற்றிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. எனவே, கறி தின்பதை ஒரு நிலைப்பாடாகவே வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால், அந்தக் கோபத்துக்குக் கோழி எப்படிப் பொறுப்பாகும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒரு வாதத்தைச் சாதித் திமிரோடு சொல்கிறவர் இருக்கிறார் என்பதால் அந்த வாதம் பொய்யாகிவிடாது. கூண்டில் கால் ஒடிந்து கிடக்கும் பறவைக்கு, தன்னைத் தின்பவர் ஒடுக்குபவரா ஒடுக்கப்பட்டவரா என்பது தெரியாது.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமசாலையை நிறுவியபோது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. சாதி பாராமல் பசித்தவருக்குச் சோறு போடுவதும் உயிரைக் கொல்லாமல் இருப்பதும் அவருக்கு ஒரே கருணையின் இரண்டு பக்கங்கள். கொல்லாமையைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் அருமையான சான்று அவர். நாம் அவருக்குச் செய்யும் மரியாதை, அவர் நினைவு நாளில் கறிக்கடையை மூடுவது. முந்தின நாள் சாயங்காலமே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம்.

சரி, கோழிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், கபிலர் தின்ற கறிக்கும் நாம் தின்னும் கறிக்கும் இடையில் ஒரு தொழிற்சாலை வந்துவிட்டது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த கோழியினங்கள் 12 கோடிக்கு மேல், இந்தியாவிலேயே முதலிடம். பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கம் சாலையோரம் நீண்டு கிடக்கும் கொட்டகைகளைப் பார்த்திருப்பீர்கள். கறிக்கோழிப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் கடனும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்குச் சில ரூபாய் என்று அவருக்கு வளர்ப்புக் கூலி. ஒரு நாள் வயதில் வந்து இறங்கும் குஞ்சு நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். அந்த வேகத்துக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கிய இனம். சதை வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் பல கோழிகள் நடப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். கொண்டை சரியாக முளைக்கும் முன்பே லாரி ஏறிவிடுகின்றன. காது கொடுத்துக் கேட்டால் அவற்றின் குரல் அப்போதும் குஞ்சின் கீச்சுக் குரல்தான். கோழி ஐந்தாறு வருடம் வாழக்கூடிய பறவை.

இதைவிட என்னை உறுத்துவது தாய்க்கோழியின் கதை. கறிக்கோழிக் குஞ்சுகளுக்காக முட்டையிடும் பெற்றோர் இனத்துக்கும் அதே அடங்காத பசி உண்டு. வயிறாரத் தின்னவிட்டால் உடம்பு பெருத்து முட்டையிடாது, செத்தும் போகும். ஆகவே, உலகம் முழுக்க அவற்றுக்கு அளந்துதான் தீனி. பிள்ளை தின்று தின்று சாக வேண்டும், தாய் பசியிலேயே வாழ வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு அதற்கு ஒரு கிலோ இன்ன விலை என்று பலகையில் எழுதிவைத்திருக்கிறோம்.

கடைக்கு வந்த பிறகு நடப்பது எல்லோரும் பார்த்ததே. மொபெட்டின் இரண்டு பக்கமும் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வரும். கூண்டில் அடைபட்டுக் கிடக்கும் கோழிகளுக்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கழுத்தை அறுத்து நீலநிற டிரம்மில் போடுவார்கள். அது உள்ளே அடித்துக்கொள்ளும் சத்தம் அடங்கும்வரை அடுத்த வாடிக்கையாளரிடம் லெக் பீஸ் தனியாகவா என்று கேட்பார்கள். ஒரு விலங்கின் கண்ணெதிரே இன்னொன்றை வெட்டக் கூடாது என்று ஆட்டுத்தொட்டிகளுக்கான 2001-ம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. தெருமுனைக் கடையில் அந்த விதியை எதிர்பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை அவசரப்படுத்துவது நாம்தான்.

இங்கே ஒரு கணக்கு. வாரம் ஒரு கிலோ கறி எடுக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆடென்றால் பத்துக் கிலோ தேறும்; வருடத்துக்கு ஐந்து ஆடு. கோழியென்றால் உரித்து ஒன்றரைக் கிலோவுக்குள். வருடத்துக்கு முப்பத்தைந்துக்கு மேல். அந்த ஐந்து ஆடுகளும் பெரும்பாலும் வெயிலில் அலைந்து கருவேலங்காயும் புல்லும் மேய்ந்தவை. தாயோடும் கூட்டத்தோடும் இருந்தவை. ஏதோ ஒரு கிழவியின் பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணமாகவோ கல்யாணச் செலவாகவோ வளர்ந்தவை. அந்தக் கோழிகளோ பிறந்தது முதல் ஒருநாள்கூட மண்ணைக் கிளறாதவை. மட்டனை விட்டுவிட்டுச் சிக்கனுக்கு மாறுங்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இதயத்துக்கு அது நல்லதாக இருக்கலாம். துன்பத்தின் கணக்கில் அது தலைகீழான யோசனை. மலிவும் அப்படித்தான். என் சிறு வயதில் கறி என்பது மாதத்தில் ஓரிரு நாள்; விருந்தாளி வந்தால் வீட்டுக் கோழி. இன்றைக்கு சிக்கன் ரைஸ் இல்லாத தள்ளுவண்டி இல்லை. நாம் கறி தின்கிற சமூகம் என்பது பழைய செய்தி. இவ்வளவு தின்கிற சமூகமாக ஆனது கறிக்கோழி வந்த பிறகுதான்.

முட்டைக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். திருவிழாக்களில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் பிறந்த சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறியும் பிடிக்காது, தொழிலுக்கு உதவாது. சாயம் ஏறியவை கொடுத்துவைத்தவை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 700 கோடி சேவல் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுவதாக மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்தது. பெட்டைகளுக்குக் கிடைக்கும் கூண்டில் ஒரு கோழிக்கு ஒதுக்கப்படும் இடம் ஓர் ஏ4 தாளைவிடச் சிறியது. சிறகை விரித்துப் பார்க்க வழியில்லை. கூண்டு முறையைச் சீர்திருத்த வேண்டும் என்று இந்திய சட்ட ஆணையம் 2017-ல் தன் 269-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாமக்கல்லில் கம்பிக் கூண்டுகள் இன்னமும் அடுக்கடுக்காக நிற்கின்றன.

ஆனால், அதே நாமக்கல் முட்டைதான் சத்துணவுத் தட்டுக்குப் போகிறது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆரம்பித்து, இன்று பள்ளி நாட்களில் தினமும் ஒன்றாகியிருக்கும் அந்த முட்டை, எத்தனையோ பிள்ளைகளுக்கு அன்றாடம் கிடைக்கும் ஒரே நல்ல புரதம். 2015-ல் மத்தியப் பிரதேச முதல்வர் அங்கன்வாடியில் முட்டை கிடையாது என்று மறுத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இன்றும் வரும். தமிழ்நாட்டில் பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எனக்குக் கடையில் பத்து வகைப் பருப்பும் பயறும் கொட்டை வகைகளும் வாங்கக் காசு இருக்கிறது; சந்தேகமாக இருந்தால் பி12 மாத்திரை போட்டுக்கொள்வேன். அது இல்லாதவரிடம் போய் என் மனச்சாட்சியை நீட்டுவது ஆபாசம். மாணவர் தட்டில் இருக்கும் முட்டையில் கை வைக்காமல் கோழியின் கூண்டை அகலப்படுத்தலாம். அரசே பெரிய வாடிக்கையாளர். இப்படி வளர்த்த கோழியின் முட்டைதான் வேண்டும் என்று டெண்டரில் ஒரு நிபந்தனை போட அதனால் முடியும். ஒரு முட்டைக்கு விலை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

சைவர்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம். பாலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்றை என்ன செய்கிறோம்? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மடியருகே நிறுத்திப் பால் கறந்த காட்சியை மாடு வளர்க்கும் ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். பால் வற்றிய மாடு அடிமாடாகப் பொள்ளாச்சிச் சந்தை வழியே கேரளம் போகிறது. பாயசத்தில் ரத்த வாசனை வராது என்பதைத் தவிர வேறு தூய்மை எதுவும் அதில் இல்லை. காந்தி பசும்பாலையும் எருமைப் பாலையும் விட்டவர். நோயில் விழுந்தபோது ஆட்டுப்பாலுக்கு இறங்கி வந்தார், வாக்கைக் காப்பாற்றினேனே தவிர அதன் உட்பொருளைக் காப்பாற்றவில்லை என்று கடைசிவரை நொந்துகொண்டார். அவராலேயே முடிக்க முடியாத கணக்கு அது. காபியை விடும் திடம் எனக்கு இன்னும் வரவில்லை.

நெல் வயலிலும் எலியும் பூச்சியும் சாகின்றனவே என்பார்கள். சாகின்றன. முழுக்கக் கொல்லாமல் வாழ முடியாது என்பதால், குறைக்கக்கூடியதையும் குறைக்க வேண்டாம் என்று ஆகாது. புலி மானைத் தின்கிறதே என்பார்கள். புலிக்குக் கறிக்கடைக்கு எதிரே மளிகைக் கடை கிடையாது.

இப்போது என் வீட்டில் கறிக்கோழி வாங்குவதில்லை. இதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அந்த வளர்ப்பைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு, அதை நியாயப்படுத்தும் ஒரு வாதமும் எனக்குக் கிடைக்கவில்லை. ருசி என்பது வாதம் ஆகாது. முட்டையில் பாதி மனசு; பக்கத்துத் தெருவில் நாட்டுக்கோழி வைத்திருக்கும் அக்காவிடம் கிடைத்தால் வாங்குகிறோம், கிடைக்காத வாரம் முட்டை இல்லை. மீனைப் பற்றி யோசிப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். வலையில் மூச்சுத் திணறிச் சாகும் உயிருக்குக் குரல் இல்லை என்பதுதான் அந்தத் தாமதத்துக்கு வசதியாக இருக்கிறது.

மிச்சம் இருப்பது ஆடு. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கிடாய் கொடுக்கும் முறை இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு வருகிறது. "என்னடா, சாமி மேல நம்பிக்கை விட்டுப்போச்சா?" என்று அண்ணன் போனில் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பெரிய ஆளாயிட்டியா?" என்றார். அதற்கும் இல்லை என்றேன். என் கணக்குப்படியே பார்த்தால், வாதாட வேண்டிய வரிசையில் கடைசியில் நிற்பது அந்தக் கிடாய்தான். ஒன்றரை வருடம் மேய்ந்தது, ஒரே வெட்டில் போகிறது, பங்காளிகள் நூறு பேரின் இலைக்குப் போகிறது. அந்த ஒருநாள்தான் எங்கள் ஆட்கள் பகையை மறந்து ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். ஆனால், மஞ்சள் தண்ணீர் தெளித்து அது தலையை உலுக்குவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் இனி முடியாது. முறைக்கான பணத்தை அனுப்பிவிட்டேன், பொங்கலுக்கும் போவேன். பந்தியில் பரிமாறுகிற பக்கம் நிற்பதா, உட்காருவதா என்று கேட்டால், மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.